அபினும் இருதயமும்
(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



அபின் தின்பவனை இருதய நோய் அண்டாது என்று ஈரான் தேசத்தில் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை இருந்து வருகின்றது. சுத்தப் புளுகென்று இதைத் தள்ளிவிட நாம் வரவில்லை. அதற்குள் ஒரு துளி உண்மையும் கிடக்கின்றது. அந்தத் துளிதான் ஆளைக் கெடுப்பது.

இருதயத்துக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபட்டால் தசை சாகத் தொடங்கும். அடைப்பை நீக்கினால் பிழைக்கும். ஆனால் வேடிக்கை பாருங்கள், திரும்பிப் பாயும் அந்த ரத்தமே தசையில் ஒரு பங்கைக் கொன்றுவிடுகின்றது. பல நாள் பட்டினி கிடந்தவனுக்குத் திடீரென்று விருந்து வைத்த கதைதான்!

1986-ல் அமெரிக்காவில் நாய்களின் இருதயக் குழாயை 5 நிமிஷம் வீதம் நான்கு தடவை அடைத்துத் திறந்து, பிறகு 40 நிமிஷம் அடைத்துப் பார்த்தார்கள். அப்படிப் பழக்கிய இருதயத்தில் செத்த தசை, பழக்காத இருதயத்தில் செத்ததில் கால் பங்குதான். இது எதனால்?

அபினை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1973-ல் தெரிந்தது. அபின் போன்ற சரக்கை நம் சரீரமே செய்துகொள்ளுகின்றது என்பது 1975-ல் ஸ்காத்லாந்தில், பன்றி மூளையிலிருந்து தெரிந்தது. இருதயத்திலும் அந்த ஏற்பிகள் உண்டு. 1995-ல் மில்வாக்கி நகரத்தார், அந்த ஏற்பிகளை மறிக்கும் நலாக்சோன் என்ற மருந்தை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பழக்கத்தால் வந்த பாதுகாப்பு போய்விட்டது! அபினிலிருந்து எடுக்கும் மார்பின் மருந்தை அடைப்புக்கு முன்பே கொடுத்தபோது, எலியின் தசை குறைவாகவே செத்தது.

"பார்த்தீர்களா, முன்னோர் சொன்னது பலித்தது" என்று இப்போது ஒரு கூட்டம் குதிக்கும். தோழர்களே, பொறுங்கள். எலிக்கு அளந்து ஒரு வேளை கொடுப்பது வேறு, மனிதன் தினமும் உருட்டி விழுங்குவது வேறு அல்லவா?

இதையும் ஊகத்துக்கு விடவில்லை. ஈரானின் கொலஸ்தான் மாகாணத்தில் 40 வயதுக்கு மேற்பட்ட சுமார் 50,000 பேரைப் பல வருஷம் கவனித்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 17 பேர் அபின் பழக்கமுள்ளவர்கள். புகையிலை, வறுமை முதலியவற்றைக் கழித்துக் கணக்கிட்ட பிறகும் அவர்களது சாவு விகிதம் மற்றவர்களைப்போல் 1.86 மடங்கு. இருதய, ரத்தக்குழாய் நோயால் வந்த சாவும் அவர்களுக்கே அதிகம். காக்கும் என்று நம்பி விழுங்கினவர்களின் கதி இது!

நிற்க. ஆஸ்பத்திரியில் மார்பின் கொடுக்கின்றார்களே என்பீர்கள். அது வலிக்காக. வலி போகும், அடைப்பு போகாது. போதாததற்கு அது குடலை மந்தப்படுத்தி, ரத்தம் உறையாமல் தடுக்க விழுங்கிய மாத்திரை சேர்வதையும் தாமதப்படுத்துகின்றது. ஆகவேதான் வைத்தியர்கள் அதைக்கூட யோசித்தே கொடுக்கின்றார்கள்.