பூஜ்யமும் காலிக் கட்டமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "நீ என்ன வேலை பாக்குறேன்னு யாருக்குமே புரியலப்பா, அதையே பேசிடு" என்றார். அவர் சொன்னது உண்மைதான். என் உறவினர்களில் பாதிப் பேர் நான் வனத்துறையில் இருப்பதாகவும், மீதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை. காட்டில் நான் ஒரு புலியைக்கூடப் பார்த்தது கிடையாது. காட்டிலிருந்தும் கடலிலிருந்தும் களவாகப் போகிற உயிர்களைக் கணக்கெடுப்பதுதான் என் வேலை. சுங்கத்துறை, வனத்துறை, கடலோரக் காவல்படை ஆகியவை பிடித்தவற்றின் விவரங்களை ஒரு தன்னார்வ அமைப்பில் இருந்துகொண்டு தொகுக்கிறேன். என்ன உயிரினம், எத்தனை, எங்கே பிடிபட்டது, எங்கே போக இருந்தது என்று கட்டம் கட்டமாக நிரப்பி, அதில் ஏதாவது போக்கு தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் அடிப்படை இரண்டு சட்டங்கள். ஒன்று, நம் நாட்டின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். மற்றொன்று, 1973இல் வாஷிங்டனில் கையெழுத்தான 'சைட்டிஸ்' ஒப்பந்தம். இந்தியா அதில் 1976இல் சேர்ந்தது. எந்த உயிரினத்தை நாடுகளுக்கிடையே அனுமதியோடு மட்டும் விற்கலாம், எதை வணிகத்துக்கென்று விற்கவே கூடாது என்பதற்கு அதில் பட்டியல்கள் உண்டு. எட்டு வகை அலுங்குகளையும் (எறும்புத்தின்னி என்றால் உங்களுக்குத் தெரியும்) முதல் பட்டியலில் சேர்க்க 2016இல் முடிவானது. நம் ஊர் நட்சத்திர ஆமைக்கு அந்த இடம் 2019இல்தான் கிடைத்தது.

கேட்க எளிதாக இருக்கும். கணக்குப் போட உட்கார்ந்தால்தான் சங்கடம் தெரியும். ஆமையை எண்ணிக்கையில் எழுதுவார்கள். அலுங்குச் செதிலைக் கிலோவில் எழுதுவார்கள். கிலோவை எத்தனை அலுங்கு என்று மாற்ற வேண்டுமானால் அது எந்த இனம் என்று தெரிய வேண்டும். இந்திய அலுங்கின் செதில் எடை வேறு, மலேயா அலுங்கின் எடை வேறு. இனத்தின் பெயரை எழுதாமல் விட்டால் விடை பல மடங்கு மாறிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். கடல் அட்டை பிடிபட்ட ஒரே செய்தி மூன்று பத்திரிகைகளில் மூன்று எடையோடு வந்திருந்தது. ஒன்றில் பச்சை எடை, ஒன்றில் உலர்ந்த எடை, ஒன்றில் மூட்டையோடு சேர்த்த எடை. மூன்றையும் மூன்று சம்பவங்களாக ஏற்றிவிட்டேன். கடல் அட்டையை அவித்து உலர்த்தினால் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது என்பது கடற்கரையில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தே கோட்டை விட்டேன். "அந்தக் கடற்கரையில் கடத்தல் கூடிவிட்டது" என்று அறிக்கை எழுதி, பிறகு நானே திருப்பி வாங்கினேன்.

அப்போதுதான் நம் புள்ளியியல் பேராசிரியர் ஐயா வகுப்பில் அடிக்கடி சொன்னது நினைவுக்கு வந்தது. "டேய், பூஜ்யம் வேற, காலிக் கட்டம் வேற. பூஜ்யம்னா எண்ணிப் பாத்தோம், ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம். காலிக் கட்டம்னா யாரும் எண்ணவே இல்லேன்னு அர்த்தம்." அன்றைக்குச் சிரித்தோம். இன்றைக்கு என் பிழைப்பே அந்த ஒரு வாக்கியம்தான். ஒரு மாவட்டத்தில் ஒரு வழக்கும் பதிவாகவில்லை என்றால் அங்கே கடத்தல் இல்லை என்று பொருளா? சோதனை இல்லை என்றும் இருக்கலாம். வழக்குகள் கூடினால் கடத்தல் கூடியதாகவும் இருக்கலாம், அதிகாரிகள் முனைப்பாக வேலை செய்ததாகவும் இருக்கலாம். யானைத் தந்தத்துக்காக 1997இல் ஹராரே மாநாட்டில் முடிவெடுத்து ஒரு உலகளாவிய கணக்கு முறையை உண்டாக்கினார்கள். பிடிபட்டதை அப்படியே கூட்டாமல், ஒவ்வொரு நாடும் எவ்வளவு பிடிக்கிறது, பிடித்ததில் எவ்வளவைத் தெரிவிக்கிறது என்பதையும் கணித்துத் திருத்திய பிறகே அதில் முடிவு சொல்கிறார்கள்.

இனி நான் இங்கே பேச வந்ததன் காரணத்துக்கு வருகிறேன்.

1993இல் இந்தக் கல்லூரிக்கு நான் கட்டிய முதல் விடுதிக் கட்டணம் கடல் அட்டை விற்ற காசு. என் தாய்மாமா மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கி அட்டை எடுத்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்றைக்கு அது சட்டப்படியான தொழில். 75 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1982லேயே விதி வந்தும், அட்டை வரத்துக் குறைந்துகொண்டேதான் போனது. கடலடி மணலைத் தின்று புரட்டிக் கொடுக்கும் உயிர் அது, கடலின் மண்புழு என்றே சொல்லலாம். 2001இல் கடல் அட்டை முழுவதையும் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தார்கள். மாமாவின் தொழில் ஒரே நாளில் குற்றமாகிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலோ, உரிமம் இருந்தால் எடுக்கலாம். இங்கிருந்து களவாக அங்கே போய், அங்கிருந்து கிழக்காசியச் சந்தைக்கு ஏறும் வழி அப்படி உண்டானதுதான்.

2019இல் ஒரு நாள் என் மேஜைக்கு ஒரு பதிவு வந்தது. எங்கள் ஊர். உலர்ந்த கடல் அட்டை. ஒருவர் கைது. வயதைப் பார்த்தேன், அப்பா பெயரைப் பார்த்தேன். மாமாவேதான். அந்த வரியை ஏற்றாமல் விட்டால் கேட்பாரில்லை. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏற்றினேன். நானே ஒரு வரியை மறைத்தால், நாளைக்கு மற்றவன் மறைத்ததை எந்த முகத்தோடு கேட்பது?

ஜாமீனில் வந்த பிறகு போன் செய்து, மறைக்காமல் சொல்லிவிட்டேன். "மாமா, நீங்க மாட்டுன கேசு எங்க கணக்குல ஏறிருச்சு."

"பேரு போட்டிருக்கியா மாப்ளே?"

"இல்ல மாமா, பேரு போட மாட்டோம். ஊரு, தேதி, எடை, எத்தனை பேர் கைதுங்கிறது மட்டும்தான்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டார்: "அப்ப எனக்குக் காசு குடுத்து அனுப்புனவன் ஊரைப் போட்டிருக்கியா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு எங்கள் அட்டவணையில் கட்டமே கிடையாது. தூக்கிப்போனவனுக்குக் கட்டம் உண்டு, பணம் போட்டவனுக்கு இல்லை. மறுநாளே இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். யார் பணம், யாருக்குச் சரக்கு. சேர்த்தார்கள். இன்றுவரை அவை பெரும்பாலும் காலியாகவே இருக்கின்றன. ஆனால் முன்பு கேள்வியே இல்லை. இப்போது ஒவ்வொரு பதிவிலும் அந்தக் காலியிடம் கண்ணில் உறுத்துகிறது. விசாரணை அதிகாரிகளோடு பேசும்போதெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

மாமா செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவரும் சொல்லமாட்டார். இப்போது அவருக்கு எழுபது வயது, நண்டு வலை பின்னிக் கொடுத்து காலம் தள்ளுகிறார். நான் ஊருக்குப் போனால் சோறு போட்டுவிட்டு, "அந்தக் கட்டம் ரொம்பிருச்சா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல மாமா" என்பேன். "சரி, மீனைப் போட்டுத் தின்னு" என்பார்.

தம்பி தங்கைகளே, புள்ளியியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். இப்படியும் ஒரு வேலை இருக்கிறது. சம்பளம் பெரிதல்ல, வயிறு காயாது. இதற்கு விலங்கியல் தெரிந்தால் நல்லது, சட்டம் தெரிந்தால் இன்னும் நல்லது. முக்கியமாக வேண்டியது ஒன்று: எழுதியிருப்பதை மட்டும் கூட்டிவிட்டு எழுந்து போகாமல், எழுதாமல் விட்டது எது, யார் என்று கேட்கும் பழக்கம். அதை எனக்கு இந்தக் கட்டடத்தில்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.