சாலையோரப் பலாக் கடையைப் பிடுங்காதே!

(கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



உர விலை பற்றி, கரண்ட் பற்றி, பயிர்க் கடன் பற்றி நமக்கு முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். நாம் பேச வந்தது சின்ன விஷயம். நாலு சவுக்குக் கழி, மேலே பத்துத் தென்னங்கீற்று, கீழே ஒரு கோணிச்சாக்கு, பக்கத்தில் ஒரு தராசு. அவ்வளவுதான் நம்ம கடை. இதுக்கு ஒரு கூட்டமா என்று கேட்பவர்கள் இருக்காங்க. நம்ம சங்கத்திலேயே இருக்காங்க. அவங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றோம்.

நம்ம பண்ருட்டி வட்டாரம் செம்மண் பூமி. பலாவும் முந்திரியும் தவிர வேறு பெரிய சொத்து நமக்குக் கிடையாது. ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர் வைத்திருப்பவன் பலாவை எப்படி விற்கிறான்? பிஞ்சு விடும்போதே வியாபாரி வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்து மொத்தமாக விலை பேசுகிறார். வீட்டில் கல்யாணம், காலேஜ் பீஸ் என்று அவசரம் இருந்தால் கையை நீட்டி முன்பணம் வாங்கிவிடுகிறோம். அப்புறம் அது நம்ம மரம் இல்லை. இன்னொரு வழி மண்டி. வண்டி வாடகை நம்மது, இறக்குகூலி நம்மது, நூற்றுக்குப் பத்து கமிஷனும் நம்மது. விலை மட்டும் அவங்களது.

மூணாவது வழிதான் இந்தக் கீற்றுக் கொட்டகை. பங்குனிக் கடைசியில் முதல் பழம் இறங்கும். வைகாசி, ஆனியில் நிற்க நேரம் இருக்காது. நம்ம வீட்டுப் பெண்கள் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இது நாளைக்கு, இது இன்னிக்கே அறுக்கணும்" என்று பிரித்து வைப்பார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்துச் சுளையாக எடுத்து வைத்தால், காரில் போகிறவங்க நிறுத்தி வாங்குறாங்க. முழுப் பழமாகப் போட்டால் ஒரு விலை, சுளையாகப் போட்டால் ஒரு விலை, கொட்டைக்குத் தனி விலை. சக்கையும் தோலும் மாட்டுக்கு. மண்டியில் இதில் எதையாவது நம்மால் செய்ய முடியுமா?

பலா மட்டும் இல்லை. அதே கோடையில் முந்திரிக்கொட்டையைத் திருகிவிட்டுப் பழத்தை உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்போம். நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, கொடுக்காப்புளி. ஆடியில் மழை விழுந்தால் பலாவில் தண்ணி ஏறி ருசி போய்விடும். அத்தோடு அதுக்கு முடிவு. ஆவணி, புரட்டாசியில் சீத்தாப்பழம், வேலியோரக் கொய்யா. ஐப்பசி, கார்த்திகை கடை கிடையாது. கீற்று பறந்துவிடும், நாமும் வயலில் கிடப்போம். அவித்த மல்லாட்டை மட்டும் தூறல் விட்ட நேரத்தில் ஓடும். மார்கழி, தை பிறந்தால் பனங்கிழங்கு, மொச்சை, பூசணி, கரும்பு. வருஷம் முழுக்க வீட்டில் ஏதோ ஒரு ரொக்கம் புழங்குவது இந்தக் கடையால்தான். பெரும்பாலும் அது பெண்கள் சுருக்குப் பையில் புழங்குது என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

தானே புயலை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. 2011 டிசம்பர் 30 விடிகாலை. வெளிச்சம் வந்து பார்த்தபோது தாத்தா வைத்த பலா மரம் வேரோடு மல்லாந்து கிடந்தது. முந்திரித் தோப்பில் நடக்க வழியில்லை. கன்று வைத்தால் காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் எந்த வியாபாரியும் நம்ம வாசலுக்கு வரவில்லை. மரமே இல்லாதவனுக்கு யார் முன்பணம் கொடுப்பா? விழுந்த மரத்தை விறகுக்கும் பலகைக்கும் வந்த விலைக்குக் கொடுத்தோம். காலியான நிலத்தில் மல்லாட்டை, கத்தரி, கீரை போட்டோம். எல்லாம் இதே சாலையோரக் கொட்டகையில்தான் விற்றது. இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனையோ வீட்டில் அன்னிக்கு உலை கொதித்தது அந்தக் காசில்தான். நாங்களும் அதில் ஒரு வீடு.

இப்போது விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கு நாலுவழிச் சாலை. சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சாலை வந்தால்தான் கார் வரும், கார் வந்தால்தான் பழம் போகும். நிலம் கொடுத்தவனுக்குச் சட்டப்படி இழப்பீடு உண்டு. நிலத்துக்கு, மரத்துக்கு, கட்டடத்துக்கு. ஆனால் தோட்டத்து வாசலில் புறம்போக்கில் இருந்த கீற்றுக் கொட்டகைக்கு? அது கணக்கிலேயே இல்லை. ஒருநாள் காலையில் பொக்லைன் வந்தது. "ஓரமா நகருங்க" என்றார்கள். எங்கே நகர்வது என்று கேட்டோம். அது எங்க வேலை இல்லை என்றார்கள். அன்னிக்கு அறுத்து வைத்த பழம் அப்படியே மாட்டுத் தொட்டிக்குப் போச்சு.

நகரத்துத் தெரு வியாபாரிகளுக்கு 2014-இல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. கணக்கெடுக்கணும், விற்பனைச் சான்றிதழ் கொடுக்கணும், சான்றிதழ் வாங்கினவரை இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். நல்ல சட்டம். ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குத்தான். கிராம ஊராட்சி எல்லையில் கடை போட்ட விவசாயிக்கு அந்த 30 நாள் கிடையாது. ஒரே சாலை, ஒரே பழம். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் உரிமை, இந்தப் பக்கம் ஆக்கிரமிப்பு!

உழவர் சந்தைக்குப் போகலாமே என்கிறார்கள். 1999-இல் மதுரையில் தொடங்கிப் பல மாவட்டங்களுக்கும் வந்த உழவர் சந்தையை நாம் வரவேற்றோம், இன்னிக்கும் ஆதரிக்கிறோம். கமிஷன் இல்லை, தராசு கொடுக்கிறார்கள். ஆனால் அது விடியற்காலை வியாபாரம், ஊர்க்காரங்க காய்கறி வாங்கும் இடம். மத்தியானம் பழுத்து வெடிக்கிற பலாவை அடுத்த நாள் காலை வரைக்கும் பிடித்து வைக்க முடியுமா? கும்பகோணம் போகிற வெளியூர்க்காரர் அங்கே வருவாரா?

நம்ம பக்கத்துத் தப்பையும் மறைக்கக் கூடாது. வளைவிலே கடை போடுகிறோம், வண்டி திடீரென்று நிற்கிறது, பின்னால் வருபவன் மோதுகிறான். கேட்டால் அங்கேதான் வியாபாரம் ஓடுது என்கிறோம். இது கூடாது. மண்டியில் பழம் வாங்கி வந்து "எங்க தோட்டத்துப் பழம்" என்று சொல்லி விற்பவர்களும் நம்மில் இருக்காங்க. ஒருத்தர் ஏமாந்து போனால் அடுத்த தடவை யார் கடையிலும் நிறுத்த மாட்டார். தோட்டம் இல்லாதவர்களுக்குச் சங்கம் கையெழுத்துப் போடாது என்று கமிட்டியில் முடிவு எடுத்திருக்கிறோம். கோபப்பட வேண்டாம்.

நாம் கேட்பது இதுதான். சர்வீஸ் ரோட்டோரம், வண்டி ஒதுங்கி நிற்க வசதியாக, ஊருக்கு ஒரு இடம். உழவர் சந்தையில் கொடுப்பது மாதிரி வி.ஏ.ஓ. சான்று பார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. அட்டை வீட்டுப் பெண்கள் பெயரிலும் வேண்டும். குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிவறை. மாற்று இடம் காட்டும் வரை இருக்கிற கொட்டகையைத் தொடக் கூடாது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். காலை ஒன்பது மணிக்கே வாசலில் கூடுவோம். சிட்டா நகல், ஆதார் நகல், கடை போட்ட இடத்தின் போட்டோ இருந்தால் அது, மூணும் கையில் இருக்கட்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சங்க ஆபீசுக்கு வந்தால் எழுதித் தருகிறோம். வீட்டுக்கு ஒரு ஆம்பளை வந்தால் போதும் என்று நினைக்காதீங்க. கடையில் உட்காருகிறவங்கதான் வரணும். ஆளுக்கொரு பழம் எடுத்து வாங்க. கத்தியும் எண்ணெயும் சங்கம் கொண்டு வரும்.