பாசிமணிக்கு நாங்க வெச்ச விலை

(ஆண்டு விழாவில் நரிக்குறவர் மகளிர் சுய உதவிக் குழு ஊக்குநர் பேசியது)

எனக்கு மைக் புதுசு. ஆனா கோயில் வாசலில் கூவி விற்ற தொண்டை, அதனால் பயமில்லை.

வீட்டில் நாங்க பேசுவது வாக்ரிபோலி. தொழில் பாசிமணி, ஊசிமணி கோர்ப்பது. திங்கள், வெள்ளி சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாசல். ராமநவமித் திருவிழாவுக்குக் கல்லங்குறிச்சி. மற்ற நாளில் கங்கைகொண்ட சோழபுரம். 2007-இல் மாவட்டம் ரெண்டாப் பிரிஞ்சது, எங்க பாதை பிரியலை.

குழு வருவதற்கு முன்னாடி ஒரே வாசலில் எட்டுப் பேர் உட்காருவோம். ஒருத்தி நூறு சொன்னா பக்கத்தில் இருப்பவ எண்பது சொல்லுவா, அடுத்தவ அறுபது. வாங்க வந்தவங்க சிரிச்சுக்கிட்டே ஐம்பதுக்கு வாங்கிட்டுப் போவாங்க. வியாபாரியிடம் கடனுக்கு எடுத்த மணிக்கே நாற்பத்தஞ்சு போயிடும். ஒரு மணி நேரம் குனிஞ்சு கோர்த்ததுக்குக் கூலி அஞ்சு ரூபாய்.

குழுவில் சேர்ந்து, சேமிப்பிலிருந்து உள்கடன் எடுத்து, மணி, நரம்பு, கம்பி எல்லாம் மொத்தமாக வாங்கினோம். அதே மாலை முப்பதுக்குள் அடங்கியது. விலை எண்பது, யாரும் குறைக்கக் கூடாதுன்னு தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வெச்சோம்.

அந்த விலையை முதலில் உடைச்சது நான்தான்.

ஆடி வெள்ளி. பொண்ணுக்குக் காய்ச்சல், கையில் காசு இல்லை. பத்து மாலையை ஐம்பது ஐம்பதுன்னு ஒரு அம்மாவிடம் கொடுத்துட்டேன். மறுவாரம் அதே அம்மா வந்து எல்லாரிடமும் ஐம்பதுக்குக் கேட்டாங்க. கூட்டத்தில் ஏசினாங்க. குழுவே வேண்டாம்னு எழுந்துட்டேன். வயசான சித்தி ஒருத்தங்க மட்டும், "புள்ளைக்கு முடியலைன்னு எங்ககிட்ட ஏன்டி சொல்லலை?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. அவசரம்னா கூட்ட நாள் வரை காக்காமல் ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாம்னு அன்னைக்கே இன்னொரு தீர்மானம் போட்டோம். அதுக்கப்புறம் விலை உடையவே இல்லைன்னு சொன்னா பொய். உடைச்சவளை விரட்டலை, என்ன அவசரம்னு கேட்டோம்.

ஒரு கண்காட்சியில் எங்களுக்குப் பக்கத்துக் கடை நீலகிரித் தோடர் பெண்களோடது. வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். இழையை எண்ணி எண்ணித் தைக்கிறாங்க. அந்த வேலைப்பாட்டுக்கு 2013-லயே புவிசார் குறியீடு. நம்ம அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் கிடைச்சது. அவங்க சொன்ன விலையைக் கொடுத்து சால்வை வாங்கின ஒருத்தர், எங்க கடைக்கு வந்ததும் பாதி விலைக்குக் கேட்டாரு. கோபம் வந்தது. குறைக்கலை.

2022 டிசம்பரில் நாடாளுமன்றம் எங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. பிள்ளைங்க படிப்புக்கு அது பெரிய விஷயம். மாலை விலையை அது ஏத்தாது, அதை நாங்கதான் பிடிச்சு நிக்கணும்.

இன்னைக்கு மண்டப வாசலில் எங்க கடை இருக்கு, சாப்பிட்டுட்டு வாங்க. எட்டுப் பேரில் யாரைக் கேட்டாலும் மாலை எண்பதுதான்.