ஐந்தே வெற்றி, அடுத்த ஆண்டும் அதே இருக்கை

ஹாக்கி என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது ஈப்போவும் அஸ்லான் ஷா கிண்ணமும்தான். இன்று பேசப்போவது பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஹாக்கியைப் பற்றி. அதிலும் ஒரு கல்லூரிக் குழுவையும் அதைக் கைவிடாத ரசிகர்களையும் பற்றி.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்றொரு சிற்றூர். அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகம் 1979இல் தன் ஹாக்கிக் குழுவை மூடிவிட்டது. 1993இல் முல்லின்ஸ் அரங்கம் எழுந்த பிறகுதான் குழு மறுபடியும் உயிர்பெற்றது. தேசியப் போட்டிக்கு முதன்முதலாகத் தகுதி பெற்றது 2007இல். அன்று கோல் காத்தவர் ஜானதன் குவிக். பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் குழுவுக்காக 2012, 2014 ஆகிய ஆண்டுகளில் ஸ்டான்லி கிண்ணம் வென்ற அதே குவிக். ஆனால் அவர் போன பின் குழு மீண்டும் சரிந்தது.

2016இல் கிரெக் கார்வெல் பயிற்றுநராக வந்தார். வந்த முதல் பருவத்தின் கணக்கைக் கேட்டால் சிரிப்பு வரும்: 5 வெற்றி, 29 தோல்வி, 2 சமநிலை. இதற்கா புதுப் பயிற்றுநர் என்று கேட்காதவர் குறைவு. ஆனாலும் அந்த அரங்கத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் அடுத்த ஆண்டும் பருவச் சீட்டு வாங்கியது. அவர்களைப் பார்த்து, "தோற்றுத் தோற்றுப் பழகிப்போய்விட்டது இவர்களுக்கு" என்று சொல்வது எளிது. அப்படிச் சொல்பவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, முடிவைத்தான் பார்க்கிறார்.

அந்த ரசிகர் பார்த்தது வேறு. பனித்தள ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு 6 பேர் களத்தில் இருப்பார்கள். அவர்கள் ஆட்டம் முழுக்க ஓடுவதில்லை. ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வாங்கிவிடும். அடுத்த அணி உள்ளே இறங்கும். 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள் முழுவதும் இப்படித்தான். ஆக, இரண்டு நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு ஒரு குழு பிழைக்க முடியாது. மூன்றாவது, நான்காவது அணியில் இறங்குகிற பையனும் தாங்க வேண்டும். 2017இல் கார்வெல் செய்தது இதைத்தான்: புதிதாகச் சேர்ந்த 18, 19 வயதுப் பையன்களை ஓரமாக உட்கார வைக்காமல், முக்கியமான நிமிடங்களில் களத்தில் இறக்கினார். தவறுகள் நடந்தன. தவறு செய்தவனையே அடுத்த முறையும் இறக்கினார். விவரம் தெரிந்த ரசிகருக்கு இதைவிட நல்ல அறிகுறி வேண்டுமா?

அந்த ஆண்டு வந்தவர்களில் ஒருவர் கேல் மக்கார். இங்கே ஒரு விளக்கம் தேவை. அமெரிக்கத் தொழில்முறைக் குழுக்கள் 18 வயதுப் பையன்களையே தேர்ந்தெடுத்து உரிமை பதிந்து வைத்துக்கொள்ளும். பையன் அதற்குப் பிறகும் கல்லூரியில் ஆடலாம். 2017இல் கொலராடோ குழு மக்காரை நான்காவது தேர்வாக எடுத்தது. அவரோ, முந்தைய ஆண்டு ஐந்தே ஆட்டங்களை வென்ற கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். உடன் வந்தவர்கள் மாரியோ ஃபெராரோ, மிட்செல் சாஃபி, ஆம்ஹர்ஸ்ட் ஊர்ப் பையனான ஜான் லெனர்ட்.

அந்தப் பருவம் 17 வெற்றி, 20 தோல்வி, 2 சமநிலை. நாளிதழ் அட்டவணையில் இன்னமும் தோல்விக் குழுதான். ரசிகர் கணக்கிலோ வெற்றி மூன்று மடங்குக்கும் மேல்.

2018-19இல் எல்லாம் கூடிவந்தது. 31 வெற்றி. ஹாக்கி ஈஸ்ட் லீக்கில் முதன்முறையாக முதலிடம். மக்காருக்கு நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற ஹோபி பேக்கர் விருது. அரையிறுதியில் டென்வரைக் கூடுதல் நேரத்தில் 4-3 என வென்று இறுதியாட்டத்துக்குப் போனது குழு. அங்கே மினசோட்டா டுலூத்திடம் 0-3 எனத் தோற்றது. இறுதியாட்டம் நடந்தது ஏப்ரல் 13ஆம் தேதி. அடுத்த நாளே மக்கார் கொலராடோவுடன் ஒப்பந்தம் செய்தார். அதற்கும் அடுத்த நாள் தம் முதல் தொழில்முறை ஆட்டத்திலேயே கோல் அடித்தார். ஃபெராரோவும் அதே ஆண்டு புறப்பட்டார்.

கல்லூரிக் குழுவை நேசிப்பவரின் சங்கடம் இதுதான். பையன் நன்றாக ஆடினால் போய்விடுவான்; ஆடாவிட்டால் குழு தோற்கும். காற்பந்துக் குழுவைப்போல் பத்து ஆண்டுகள் ஒரே நட்சத்திரத்தின் பெயரைச் சட்டையில் போட்டுத் திரிய வழியில்லை.

2020 இன்னும் கொடுமை. அந்தப் பருவத்தில் லெனர்ட் நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர். குழுவும் நல்ல நிலையில் இருந்தது. மார்ச் மாதம் கொவிட் தொற்று வந்து தேசியப் போட்டி அடியோடு ரத்தானது. 29 தோல்விகளையும் தாங்கிக்கொண்டு நான்கு ஆண்டுகள் இருந்தவர்கள் அத்துடன் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள். லெனர்டும் சாஃபியும் தொழில்முறைக்குப் போனார்கள். ஆக, குழுவை மாற்றிய அந்த நால்வரில் ஒருவர்கூட அடுத்து வந்த நாளைக் களத்தில் காணவில்லை.

அந்த நாள் 2021 ஏப்ரலில் வந்தது. பிட்ஸ்பர்க் நகரில் அரையிறுதி. எதிரில் 2018, 2019 இரண்டு ஆண்டும் வெற்றியாளரான அதே டுலூத். கொவிட் விதிகளால் முதல்நிலைக் கோல்காவலர் ஃபிலிப் லிண்ட்பெர்க், அதிக கோல் அடித்த கார்சன் கிசெவிச் உட்பட 4 பேர் ஆட முடியவில்லை. கோலில் நின்றவர் மேட் மரி. 2017இல் மக்காருடன் சேர்ந்தவர், பின்னர் இடத்தை லிண்ட்பெர்க்கிடம் இழந்து ஓரத்தில் காத்திருந்தவர். கூடுதல் நேரத்தில் 3-2. இறுதியாட்டத்துக்கு லிண்ட்பெர்க் திரும்பிவிட, மரி மறுபடியும் ஓரத்துக்குப் போனார். செயிண்ட் கிளவுட் ஸ்டேட்டை 5-0 என வீழ்த்திப் பல்கலைக்கழகம் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பாபி டிரிவிஞ்ஞோ. குழுத்தலைவர், 2017 கூட்டத்தைச் சேர்ந்த ஜேக் கொடெட். கோல் விழாமல் காத்த லிண்ட்பெர்க்கைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். பழைய ரசிகர்கள் பேசியது மரியைப் பற்றி என்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதன்பின் கதை நேர்கோட்டில் போகவில்லை. 2022-23இல் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். மீண்டும் புதுப் பையன்கள், மீண்டும் தவறுகள். 2024இல் தேசியப் போட்டிக்குத் திரும்பி, டென்வரிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் 1-2 எனத் தோற்றார்கள். அவ்வாண்டுப் பட்டம் வென்றது அந்த டென்வர்தான். 2025இல் மினசோட்டாவைக் கூடுதல் நேரத்தில் வென்று, அடுத்த ஆட்டத்தில் வெஸ்டர்ன் மிச்சிகனிடம் 1-2. அவ்வாண்டுப் பட்டமும் அவர்களை வென்ற குழுவுக்கே போனது. இதையும் அந்த ரசிகர் நல்ல சகுனமாகவே எடுத்துக்கொள்வார்!