மண்ணுக்கும் மாட்டுக்கும் ஒரே விதை



‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பது பழமொழி. கொள்ளு மனிதனுக்கு மட்டுமா பயன்படுகிறது? மாட்டுக்கும் குதிரைக்கும் அது தீவனம், நிலத்துக்கு உரம். மழை குறைந்த ஆண்டிலும் தமிழ்நாட்டு மானாவாரி உழவர் கொள்ளு விதைப்பார். காற்றில் 78 விழுக்காடு தழைச்சத்துதான். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. இந்த உரத்துக்கு விலை கிடையாது.

பிரிஞ்சாங் வட்டாரத்துக்கு இந்த அறிவு இன்று மிகவும் தேவை. அடர்ந்து மூடிய தேயிலைச் செடி மண்ணைப் பிடித்து வைக்கும். ஆனால், புதிதாக வெட்டிய சரிவும் அறுவடை முடிந்த காய்கறிப் பாத்தியும் வெறுமனே கிடக்கின்றன. பெய்கிற மழையில் மேல்மண் பெர்த்தாம் ஆற்றில் இறங்கி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேறாகப் படிகிறது. 2013 அக்டோபரில் அந்த அணையின் நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட வெள்ளம் உயிர்களைப் பறித்தது. மேட்டில் இழந்த மண், பள்ளத்தில் இருப்பவரின் தலையில் விழுகிறது.

அப்படியானால் இங்கும் கொள்ளு விதைக்கலாமா? கூடாது. அது வறண்ட நிலத்துப் பயிர். குளிரும் ஓயாத மழையும் அதற்கு ஒத்துவராது. மேட்டு நிலத்துக்கும் ஓரளவு புளிப்பான மண்ணுக்கும் ஏற்றது ‘டெஸ்மோடியம்’ என்ற படர்கொடி. மேற்குக் கென்யாவில் சிறு விவசாயிகள் இதைச் சோளக்காட்டில் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். களையும் பூச்சியும் குறைகின்றன. வெட்டிய கொடி பசுவுக்குத் தீவனமாகிறது.

இதைத் தேயிலைச் செடிக்கு நடுவே விடக்கூடாது. மேலே ஏறிப் படரும். படிக்கட்டு வரப்பிலும் சரிவின் ஓரத்திலும் நடலாம். முதல் இரண்டு மாதம் களை எடுத்தால் போதும், பிறகு அதுவே களையை அடக்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. பசுந்தாள் உரமெல்லாம் தீவனம் ஆகாது. தேயிலைத் தோட்டங்களில் உரத்துக்காக வளர்க்கப்பட்ட கிலுகிலுப்பை இனங்கள் பலவற்றில் கால்நடைக்கு ஆகாத நஞ்சு உண்டு. நல்ல பயறுவகைத் தழையையும் தனியாகப் போடாமல், இரண்டு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு என்று கலந்தே போட வேண்டும். மாட்டின் சாணம் திரும்பவும் பாத்திக்கே போகட்டும்.

ஒரு பிடி மேல்மண் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். அது கரைந்து போக ஒரு மழை போதும். வெறும் மண்ணை விட்டு வைக்காதீர்கள்.