முள்ளு மரம் எல்லாம் சீமைக்கருவேல் அல்ல

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாதம் வங்கிக் கடன் இணைப்பு பற்றிப் பேசுவதாக இருந்தது. அதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். காரணம், கொஞ்ச நாளாகக் காங்கயம், வெள்ளகோவில் பக்கத்துக் குழுக்களிலிருந்து ஒரே மாதிரியான புகார் வந்துகொண்டிருக்கிறது. "ஏனுங்க, சீமைக்கருவேல் எடுக்கறேன்னு வந்த காண்ட்ராக்டரு எங்க மரத்தையும் சேர்த்து எடுத்துட்டாருங்க. இனி என்னங்க பண்றது?" என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதற்காகத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீமைக்கருவேலை எடுப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது நம் நாட்டு மரமே அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. குளம், வாய்க்கால், மேய்ச்சல் காடு என்று எதையும் விடாமல் பரவி விட்டது. 2017-ஆம் வருடம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென் மாவட்டங்களில் ஊர் ஊராக ஜேசிபி ஓடியது. அதே வருடம் ஏப்ரல் மாதம், நிபுணர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த வேலைக்கு இடைக்காலத் தடை போட்டது. பிறகு 2022-இல் தமிழக அரசு இந்த மாதிரி அந்நியச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டு வந்தது. ஆகவே வேலை நடக்கத்தான் செய்யும். அந்த வேலையில் நம் மரம் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி, போய்விட்டால் என்ன கேட்பது என்பதுதான் கேள்வி.

நம் பகுதியில் அப்படித் தப்பாகப் போவது பெரும்பாலும் வெள்வேலாமரம். கொறங்காடு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல். காங்கயம் மாடு இன்றைக்கும் இருக்கிறது என்றால் இந்த மூன்றும் இருப்பதால்தான். கோடையில் புல் காய்ந்த பிறகு ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேலாங்காய்தான் தீனி. சில வீடுகளில் காயைப் பொறுக்கி மூட்டை கட்டி வைத்து விற்கவும் செய்கிறார்கள். அந்தக் காசு பெண்கள் கைக்கு வருகிற காசு.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர் வேண்டாம். பதினைந்து பேர் உள்ள குழு. குட்டைக் கரையில் ஒரு பெரிய வெள்வேலாமரம். அதன் அடியில்தான் குழு ஆரம்பித்த நாளிலிருந்து கூட்டம் நடந்தது. சந்தா வசூல், கடன் கொடுத்தது, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். குழுவில் வயதில் மூத்த ஒரு அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆடுகள். கோடை முழுக்க அந்த மரத்துக் காயைத்தான் நம்பியிருந்தார்.

குட்டையைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. வேலைக்கு வந்த அன்று ஊரில் ஆளே இல்லை. பாதிப் பேர் காலை ஏழு மணிக்கே பனியன் கம்பெனி வண்டியில் போய்விட்டார்கள். மீதிப் பேர் நூறு நாள் வேலையில். ராத்திரி எட்டு மணிக்கு வண்டியை விட்டு இறங்கினால் கரை மொட்டையாகக் கிடக்கிறது. அந்த அம்மா மரம் நின்ற இடத்தில் உட்கார்ந்து, "எம்பட ஆட்டுக்கு இனி நான் என்னத்தப் போடுவேன்" என்று அழுதுகொண்டிருக்கிறார்.

மறுநாள் காண்ட்ராக்டரைக் கேட்டார்கள். அவர் ஒரு காகிதத்தைக் காட்டினார். அதில் "முட்செடிகள் மற்றும் முள்மரங்களை அகற்றுதல்" என்று இருந்தது. "வெள்வேலும் முள்ளு மரந்தானுங்களே, டிரைவர் வெளியூருங்க, அவனுக்கு என்னங்க தெரியும்" என்றார். ரெண்டாயிரம் ரூபாயை எடுத்து நீட்டினார். குழுவுக்குள்ளேயே ரெண்டு கட்சி. "வாங்கி சேமிப்புல போட்றலாம்" என்று சிலர், "போலீசுக்குப் போகலாம்" என்று சிலர்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மரத்தை வெட்டியது ஜேசிபி. ஆனால் வெட்ட வைத்தது அந்தக் காகிதத்தில் இருந்த ஒரு வார்த்தை. "முள்மரம்" என்பதற்குப் பதில் "சீமைக்கருவேல் மட்டும்" என்று எழுதியிருந்தால் அந்த மரம் நின்றிருக்கும்.

காகிதத்தில் எழுதுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளிநாட்டிலும் ஒரு உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்று ஒரு ஊர். திருப்பூருக்குப் பனியன் மாதிரி அந்த ஊருக்கு எஃகு, கத்தி. 2012-இல் அந்த மாநகராட்சி சாலைப் பராமரிப்பை ஏமி என்ற கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்டது. 17,500 சாலை மரங்களை எடுத்துவிட்டுப் புதுக் கன்று வைப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு எண்ணிக்கை. ஊரில் இருந்த சாலை மரங்களில் அது பாதி. நல்ல மரங்களும் விழ ஆரம்பித்தன. 2016 நவம்பரில் ஒரு நாள் விடிவதற்கு முன்னால் போலீசோடு வந்து வெட்டினார்கள். தடுத்த எழுபது வயது தாண்டிய இரண்டு பெண்களைக் கைது செய்தார்கள். மக்கள் விடவில்லை. 2018-இல் வெட்டுவது நின்றது. 2023-இல் விசாரணை அறிக்கை வந்த பிறகு மாநகராட்சி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அதற்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. மன்னிப்பு வந்தது, மரம் வரவில்லை.

நம் நாட்டுப் பெண்கள் மரம் விழுவதற்கு முன்னாலேயே தடுத்த கதையும் உண்டு. இமயமலைப் பக்கம் ரேணி என்று ஒரு கிராமம். 1974 மார்ச் மாதம். ஆண்கள் எல்லாம் நிலத்துக்கான நஷ்ட ஈடு வாங்க வெளியூர் போயிருந்த நாள் பார்த்துக் காண்ட்ராக்டரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தார்கள். அங்கே இருந்த மகளிர் மங்கள் தளம் என்ற பெண்கள் சங்கத்தின் தலைவி கௌரா தேவி. நம் குழுத் தலைவி மாதிரிதான். இருபத்தேழு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மரத்துக்கும் கோடாரிக்கும் நடுவில் நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பிறகு அரசு போட்ட குழுவும் அந்தப் பெண்கள் சொன்னது சரிதான் என்றது. அந்தப் பகுதியில் பத்து வருடம் மரம் வெட்டத் தடை வந்தது.

ரேணியில் பெண்கள் ஊரில் இருந்தார்கள். நாமோ ஷிப்ட்டுக்குப் போய்விடுகிறோம். எல்லா நாளும் மரத்தைக் காவல் காக்க முடியாது. நமக்குப் பதிலாகக் காவல் இருக்க வேண்டியது அடையாளமும் கையெழுத்தும்தான். ஆகவே வேலை வருவதற்கு முன்னால் நாம் செய்ய வேண்டியவை:

1. ஊரில் பொது இடத்தில் உள்ள நல்ல மரங்களைக் கணக்கெடுங்கள். எங்கே இருக்கிறது, என்ன மரம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். செல்போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

2. மரத்தில் ஆள் உயரத்தில் வெள்ளை பெயின்ட்டில் பட்டை போடுங்கள். வெளியூர் டிரைவருக்கும் புரியும். ஆணி அடிக்காதீர்கள்.

3. கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். வருடத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை நடக்கிறது. "சீமைக்கருவேல் மட்டும் அகற்றப்பட வேண்டும், குறியிட்ட மரங்களைத் தொடக் கூடாது" என்ற வாசகம் வேலை உத்தரவில் வர வேண்டும் என்று கேளுங்கள்.

4. வேலை நடக்கும் நாளில் ஷிப்ட் இல்லாத இரண்டு பேர் கூட நிற்க வேண்டும். அவர்களுக்கு மரம் தெரிந்திருக்க வேண்டும்.

மரம் தெரியாதவர்களுக்கு எப்படிக் காட்டுவது? சீமைக்கருவேலின் பூ, நீளமாகப் பூனை வால் மாதிரி இருக்கும். காய் மஞ்சளாக, நீளமாக இருக்கும். அடியிலிருந்தே பல கிளையாகப் புதர் போல வரும். வெள்வேலின் பட்டை வெளுப்பாக இருக்கும். பூ சின்னச் சின்ன உருண்டையாக, வெளிர் நிறத்தில், கிளை நுனியில் கொத்துக் கொத்தாக வரும். நாட்டுக் கருவேலுக்குப் பட்டை கறுப்பு, பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோர்த்த மாலை மாதிரி. கோயில்களில் தலமரமாக இருக்கிற வன்னியும் முள்ளு மரம்தான். அதையும் காட்டிக் கொடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்து, அல்லது செய்யாமல், மரம் போய்விட்டது. அப்புறம் என்ன?

முதலில், சத்தம் போடுவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். நின்ற இடம், அடிக்கட்டை, கட்டை ஏற்றிய வண்டி எல்லாம்.

இரண்டாவது, அடிக்கட்டையைக் காப்பாற்றுங்கள். ரம்பத்தில் அறுத்த மரம் என்றால் வேப்பமரம், வெள்வேல், புங்கன் எல்லாம் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். வேரைத் தோண்டவும் தீ வைக்கவும் விடாதீர்கள். ஆடு கடிக்காமல் முள் வேலி போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆலமரம், பூவரசு என்றால் வெட்டிய கிளையையே போத்தாக நட்டு விடலாம்.

மூன்றாவது, கட்டை யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள். பட்டா நிலத்து மரம் என்றால் நிலத்துக்காரருக்கு. புறம்போக்கு மரம் என்றால் காண்ட்ராக்டர் தன் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. கிராம நிர்வாக அலுவலருக்கு உடனே சொல்லுங்கள்.

நான்காவது, எழுதிக் கொடுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று. பதில் இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். அரசு நிலத்து மரங்களை வெட்ட அனுமதி தருவதற்கு 2021-இல் கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழுவுக்கும் மனுவின் நகல் அனுப்புங்கள்.

ஐந்தாவது, போலீஸ் விஷயம். தெரியாமல் வெட்டிவிட்டார் என்றால் கிரிமினல் வழக்கு நிற்பது கஷ்டம். ஆனால் சொந்த நிலத்து மரத்துக்கு நஷ்ட ஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உதவி கிடைக்கும். போன் நம்பர் 15100.

ஆறாவது, இதுதான் முக்கியம். ராத்திரியோடு ராத்திரியாக ஒருத்தர் கையில் கொடுக்கிற பணத்தை வாங்காதீர்கள். வாங்கினால் விஷயம் அதோடு முடிந்தது. பணமாகக் கேட்பதை விட மரமாகக் கேளுங்கள். கன்று, வேலி, இரண்டு கோடைக்குத் தண்ணீர் மூன்றையும் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள்.

நான் சொன்ன குழு அதைத்தான் செய்தது. ரெண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பத்துக் கன்றும் வேலியும் இரண்டு கோடைக்கு டிராக்டர் தண்ணீரும் என்று எழுதி வாங்கினார்கள். முதல் கோடையில் தண்ணீர் வந்தது. இரண்டாவது கோடையில் காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. குழுவினர் முறை போட்டு, ஞாயிற்றுக்கிழமை குடம் சுமந்தார்கள். பத்தில் ஆறு கன்று நிற்கிறது. அந்த அம்மா ஐந்து ஆட்டை விற்றுவிட்டார். வேலாங்காய் வர இன்னும் வருடங்கள் ஆகும். முழு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரெண்டாயிரத்தை வாங்கியிருந்தால் இந்த ஆறு கன்றும் இருந்திருக்காது.

இன்னொரு நல்லது நடந்தது. அடுத்த குட்டைக்கு அதே காண்ட்ராக்டர் போனபோது, "எந்த மரத்தை விடணும்னு முன்னாடியே கோடு போட்டுக் குடுத்துருங்க, அக்கா" என்று அவரே கேட்டிருக்கிறார். அவரைப் பகையாளி ஆக்காமல் பேசியதால் வந்த பலன் அது.

கன்று எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். வனத்துறை நாற்றங்கால்களில் விசாரியுங்கள். நம் மாவட்டத்தில் 2015-இல் வெற்றி அமைப்பு ஆரம்பித்த 'வனத்துக்குள் திருப்பூர்' பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு லட்சம் கன்று என்று ஆரம்பித்தது, பல லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடமும் வேலியும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் கன்று ஒரு பிரச்சினையே இல்லை. வெள்வேல் விதை வேண்டும் என்றால் ஆட்டுப்பட்டியில் பாருங்கள். ஆடு தின்று போட்ட விதை நன்றாக முளைக்கும்.

சகோதரிகளே, நாம் ஐம்பது ரூபாய் சந்தாவுக்குக் கூடக் கையெழுத்து இல்லாமல் விடுவதில்லை. நம்மை விட வயதான மரத்துக்கு ஒரு வரி எழுதி வைக்காமல் இருக்கலாமா? அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊர் மரக் கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு பிரதிநிதியிடமும் அதைப் படிக்கக் கேட்போம்.