பழைய காரும் அதன் பின் அச்சும்



தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு இயந்திரங்கள்மீது இயல்பாகவே ஒரு பற்று உண்டு. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவதில் தொடங்கி, பட்டணத்துப் பட்டறையில் கார் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். அப்படிப்பட்ட இளைஞர்களின் கைக்கு இன்று பழங்காலக் கார்களும் வருகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவற்றைப் போற்றி வைத்து ஓட்டும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர், வண்டி வளைவுகளில் இன்னும் நன்றாக அடங்கி ஓட வேண்டும் என்று விரும்பி, பின் சக்கரங்களின் ஸ்பிரிங் அமைப்பை மாற்றச் சொல்லுகிறார்கள். அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்பதைப் பற்றி இன்று பார்ப்போம். ஓட்டுகிறவரின் உயிரும், உடன் வருகிற பெண்டு பிள்ளைகளின் உயிரும் இதில் அடங்கியிருப்பதால், சற்றுக் கவனத்தோடு கேட்கும்படி வேண்டுகிறோம்.

முதலில், காரின் அடியில் இருக்கும் இந்த அமைப்பு என்ன வேலை செய்கிறது? குலுங்காமல் சொகுசாகப் போவதற்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. சாலை எப்படி இருந்தாலும் நான்கு டயர்களையும் தரையோடு ஒட்ட வைத்திருப்பதே அதன் முக்கியமான வேலை. டயர் தரையை விட்டு எழும்பிய நொடியில் ஸ்டீயரிங்கும் பயன்படாது, பிரேக்கும் பயன்படாது.

பால்மரத் தோட்டத்தில் காண்டா வாளி தூக்கியவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். தோளிலுள்ள கம்பு வளைந்து நிமிர்ந்து, நடையின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கம்புதான் ஸ்பிரிங். ஆனால் கம்பு மட்டும் போதாது. வாளிகள் ஆடத் தொடங்கினால் கையால் பிடித்து ஆட்டத்தை அடக்குகிறோம். அந்தக் கைதான் ஷாக் அப்ஸார்பர். அடக்கும் கை இல்லாவிட்டால் பால் சிந்தும். காரில் அந்தக் கை தளர்ந்துவிட்டால், ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி மூன்று நான்கு முறை மேலும் கீழும் ஆடிக்கொண்டே வளைவுக்குள் நுழையும்.

எடுத்துக்காட்டாக மோரிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். 1950களிலும் 1960களிலும் மலாயாவின் சாலைகளில் சாதாரணமாகக் காணப்பட்ட வண்டி இது. நம் மூத்தவர்கள் இதன் வட்டமான முகப்பை மறந்திருக்கமாட்டார்கள். அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர் இதை வடிவமைத்தார். 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இது வெளிவந்தது. 1971ஆம் ஆண்டளவில் அங்கு உற்பத்தி முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்பனையாயின. முன் சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே அசையும்படி, முறுக்குக் கம்பிகளின்மேல் அமைக்கப்பட்டன. அந்தக் காலத்துச் சிறிய கார்களுக்குள் இதன் ஸ்டீயரிங் மிகவும் துல்லியமானது என்று பெயர் பெற்றது.

ஆனால் பின்பக்கம் அப்படி அல்ல. அங்கே மாட்டு வண்டிக்கு உறவானதொரு முறையே இருந்தது. இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் கெட்டியான ஓர் அச்சு, அதன் இரு பக்கத்திலும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்குவதற்கு எண்ணெய் நிரப்பிய, கை போன்ற தண்டு நீண்ட பழைய மாதிரி ஷாக் அப்ஸார்பர், இவ்வளவுதான். தொடக்கத்தில் இந்த வண்டியின் இஞ்சின் 918 சிசி. ஆற்றல் சுமார் 27 குதிரைச் சக்தி. அந்த ஆற்றலுக்கு இந்த அமைப்பு போதுமானதாக இருந்தது. 1962இல் 1098 சிசி இஞ்சின் வந்தபோது ஆற்றல் 48 குதிரைச் சக்தியாக உயர்ந்தது. இன்று ஆர்வலர்கள் பலர் 1275 சிசி இஞ்சினையே பொருத்துகிறார்கள். முன்னே பலம் கூடக் கூட, பின்னே இருக்கும் பழைய அமைப்பு திணறுகிறது.

எப்படித் திணறுகிறது? சக்கரத்தை இஞ்சின் முன்னோக்கிச் சுழற்றும்போது, அச்சின் உறை அதற்கு எதிர்த்திசையில் திரும்ப முயல்கிறது. டிப்ரன்ஷியலின் மூக்கு மேலே தூக்குகிறது. அச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது வளையக்கூடிய பட்டைகள்தாமே? அவை பாம்பு நெளிவதுபோல் நெளிந்து, பிறகு விடுபட்டு நிமிர்கின்றன, மறுபடியும் நெளிகின்றன. இதனால் சக்கரம் தரையில் தடதடவென்று குதிக்கிறது. வேகமாகப் புறப்படும்போதும், மழையில் மேடு ஏறும்போதும் இதைக் கேட்கலாம். இன்னொரு குறை, வளைவில் திரும்பும்போது அச்சு பக்கவாட்டில் சற்றே நகர்வது. பட்டைகளும் அவற்றின் ரப்பர் புஷ்களும் வளைந்து கொடுப்பதே காரணம். வண்டியின் பின்பக்கம் ஒரு நொடி தாமதித்துத் திரும்புவதுபோல் ஓட்டுநர் உணர்வார்.

இவற்றைத் திருத்துமுன் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மாற்றுவதற்கு முன்னால் உள்ளதைச் சீர்செய்ய வேண்டும். வண்டி ஆடுகிறது என்று கொண்டுவருகிறவர்களில் பலருக்குப் புதிய பாகம் தேவைப்படாது. பழைய பாகங்கள் தேய்ந்திருப்பதுதான் குறையாக இருக்கும். பட்டைகளில் ஒன்று முறிந்திருக்கிறதா, ஸ்பிரிங் ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறதா, அச்சை இறுக்கும் யு போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, ஷாக் அப்ஸார்பரில் எண்ணெய் இருக்கிறதா, டயர்களில் காற்றழுத்தம் சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பிரிங்கின் முனைகள் வண்டியின் உடலோடு சேரும் இடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். மோரிஸ் மைனரில் துருப்பிடிக்கும் முக்கிய இடங்களில் இதுவும் ஒன்று. நம் நாட்டு மழையும் ஈரமும் இந்தத் துருவுக்குத் துணை போகின்றன. மேலே பெயின்ட் பளபளக்கும். உள்ளே இரும்பு அப்பளம்போல் நொறுங்கும். அங்கே வலுவான புதிய பாகங்களைப் பூட்டினால், இருக்கிற இரும்பையும் அவை பிய்த்துக்கொண்டு வரும்.

இந்தச் சோதனைக்காக வண்டிக்கு அடியில் போகும்போது, ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் படுக்கக்கூடாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, முன் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல்லும் மரத்துண்டும் இதற்கு உதவா. வீட்டு முற்றத்தில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பெற்றோர்களும் இந்த ஒன்றில் கண்டித்து வைக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. இனி மாற்றலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டோம். முதல் மாற்றம் ஷாக் அப்ஸார்பரில். பழைய மாதிரியை எடுத்துவிட்டு, இக்காலத்துக் குழாய் வடிவ ஷாக் அப்ஸார்பரைப் பொருத்துவது வழக்கம். அதை எவ்வளவு செங்குத்தாக வைக்கிறோமோ அவ்வளவுக்கு அது வேலை செய்யும். சாய்வு கூடக் கூட அதன் பிடி குறைந்துபோகும். 45 பாகை சாய்த்துவிட்டால், அடக்கும் திறனில் பாதிதான் மிஞ்சும். அதன் மேல் முனையை மெல்லிய தகட்டில் முடுக்கிவிடக்கூடாது. விசையைத் தாங்கும் இடத்தில் கெட்டியான தாங்கி வேண்டும். மேலும், சக்கரம் முழுதும் மேலே போனாலும் முழுதும் கீழே தொங்கினாலும், ஷாக் அப்ஸார்பர் தன் எல்லையில் முட்டிக்கொள்ளாதபடி நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முட்டினால் அது வளையும், அல்லது தாங்கி பிய்ந்துவிடும்.

இரண்டாவது மாற்றம், சக்கரம் குதிப்பதை நிறுத்தும் தண்டு. அச்சிலிருந்து ஸ்பிரிங்கின் முன் முனைக்கு அருகில் வரை, பக்கத்துக்கு ஒரு தண்டாகப் பொருத்துகிறார்கள். அச்சு உறை திரும்ப முயலும்போது இந்தத் தண்டு தடுத்துவிடும்; பட்டைகள் நெளியா. ஆனால் அச்சு மேலும் கீழும் போகும்போது ஸ்பிரிங்கின் முன்பாதி ஒரு வளைகோட்டில் நகர்கிறது. தண்டும் ஏறக்குறைய அதே வளைகோட்டில் நகர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, பின்பக்கம் கட்டைபோல் இறுகிவிடும்.

மூன்றாவது, பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் பானார்ட் தண்டு. ஒரு முனை அச்சிலும் மறுமுனை எதிர்ப்பக்கத்து உடலிலும் இருக்கும். இது எவ்வளவு நீளமாகவும் தரைக்குச் சமமாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். தண்டின் நீளம் 800 மில்லிமீட்டர் என்றால், சக்கரங்கள் 50 மில்லிமீட்டர் மேலே எழும்பும்போது அச்சு பக்கத்தில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் நகரும். தண்டு 300 மில்லிமீட்டராகக் குறைந்தால் அந்த நகர்வு நான்கு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் படிக்கும் செங்கோண முக்கோணக் கணக்கு இங்கே பட்டறையில் பயன்படுகிறது.

அடுத்து, வண்டியைத் தாழ்த்தும் ஆசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைத்தால் பின்பக்கம் தாழும். பாரம் தாழ்ந்தால் வளைவில் சாய்வு குறையும் என்பது உண்மைதான். ஆனால் கட்டையின் உயரம் கூடும்போது பட்டைகளை நெளிக்கும் விசையும் கூடுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் வண்டியின் வயிறு உரசும். குடும்பத்தோடு ஐந்து பேர் ஏறினால் அச்சு மேலே முட்டும். இன்னும் சிலர், காஸ் தீயால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி வளைக்கிறார்கள். இது பெருந்தவறு. பதம் ஏற்றிய எஃகு அந்தச் சூட்டில் தன் பதத்தை இழந்துவிடும். அது என்று முறியும், எந்த வளைவில் முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பின்பக்கத்தை மட்டும் அளவுக்கு மிஞ்சி இறுக்குவதிலும் ஆபத்து உண்டு. அப்போது வளைவில் பின் டயர்கள் முதலில் பிடியை இழந்து, வண்டியின் வால் வெளியே வீசும். மழைநாளில் வீசிய வாலைத் திருப்பிக் கொண்டுவருவது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம். ஆகவே முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, கண்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பதே சரியான முறை.

இனி, நமக்கு நெருக்கமான ஒரு பொருளுக்கு வருவோம். இத்தனை தண்டுகளும் பட்டைகளும் இரும்போடு இரும்பாகச் சேர்வதில்லை. நடுவே ரப்பர் புஷ் இருக்கிறது. பல மணிநேரம் விடாமல் வளைந்து நிமிர்ந்தாலும் அதிகம் சூடேறாத தன்மையும், எளிதில் பிளக்காத தன்மையும் இயற்கை ரப்பருக்கு உண்டு. ஆகவேதான் செயற்கை ரப்பர் வந்த பிறகும் இத்தகைய இடங்களில் அது நிலைத்திருக்கிறது. மைனரைப் படைத்த அதே இசிகோனிஸ், 1959இல் மினி என்ற காரை உருவாக்கியபோது, அலெக்ஸ் மோல்டன் என்பவரின் யோசனைப்படி, எஃகு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர் கூம்புகளையே வைத்தார். 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக ஒரு நீதிமன்றக் கட்டடத்தை இயற்கை ரப்பர் தாங்கிகளின்மேல் எழுப்பினார்கள். அந்தத் தாங்கிகளை வளர்த்தெடுத்ததில், இங்கிலாந்தில் இயங்கிய மலேசிய ரப்பர் ஆய்வு நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு. விடியுமுன் எழுந்து மரம் வெட்டிய கைகளுக்கு இதில் பெருமைப்பட உரிமை இருக்கிறது.

ரப்பருக்கு எதிரி எண்ணெய். டிப்ரன்ஷியலிலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி, மென்மையாகி, அழிந்துவிடும். முதலில் கசிவை நிறுத்திவிட்டுப் பிறகு புஷ்ஷை மாற்ற வேண்டும். புதிய புஷ் போட்டதும், வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் சக்கரங்களின்மேல் நின்ற பிறகுதான் நட்டுகளைக் கடைசியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து விரைவில் கிழியும். கடினமான பிளாஸ்டிக் புஷ்களும் கிடைக்கின்றன. அவை அச்சை இறுக்கமாகப் பிடிக்கும். அதோடு சத்தத்தையும் அதிர்வையும் உடலுக்கு அனுப்பும். குடும்ப வண்டிக்கு நல்ல ரப்பரே போதும்.

வண்டியின் அமைப்பில் மாற்றம் செய்யுமுன், அதற்கு அனுமதி தேவையா என்று மலேசியாவில் உள்ளவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யிடம் கேட்டறிய வேண்டும். சிங்கப்பூரில் அதற்கெனத் தரைப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. அனுமதி இல்லாத மாற்றத்தால் விபத்து நேர்ந்து, காப்புறுதி கிடைக்காமல் போனால், பாதிக்கப்படுவது அந்தக் குடும்பம்தான். அத்துடன், வளைவில் நன்றாக ஓடுகிற வண்டி சீக்கிரமாகவும் நிற்கும் என்று நினைத்துவிடக்கூடாது. மோரிஸ் மைனருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். வேகத்தை அதற்கேற்ப அளந்துகொள்ள வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் படிந்த கையோடு வீட்டுக்கு வரும் பிள்ளையைப் படிப்பு ஏறாதவன் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவன் கையில் இருப்பது தொழில். அதை முறையாகக் கற்று, மலேசியத் திறன் சான்றிதழையும் பெற்றுவிட்டால், பட்டறையில் அவனுக்குக் கிடைக்கும் சம்பளமும் மதிப்பும் வேறாக இருக்கும். நாம் இன்று பார்த்த தண்டின் நீளமும், எஃகின் பதமும், ரப்பரின் குணமும் அவன் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவைதாம். பக்கத்தில் உள்ள தொழிற்பயிற்சி நிலையம் எது, அதில் சேர எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பதை இந்த வாரமே விசாரித்து வையுங்கள்.